பச்சையில் நின்ற நாற்பத்திரண்டு

சொன்னதையே திரும்பச் சொல்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. யாராவது "என்னா?" என்று இரண்டாம் தடவை கேட்டால் முகம் சிடுசிடுத்துவிடும். பள்ளியில் ஆசிரியை வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போது, தினமும் இதே முப்பது பேர்தானே, வராதவர்களை மட்டும் கேட்டால் போதாதா என்று சொல்லி வெயிலில் நின்றிருக்கிறேன். இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

மலேசியாவில், சைபர்ஜெயாவில் பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஆற்றோரங்களிலும் பெரிய வடிகால்களிலும் நீர்மட்டம் அளக்கும் கருவிகளை நட்டு வைப்போம். கருவி நிமிடத்துக்கு ஒரு தடவை ஓர் எண்ணை அலைவரிசையில் அனுப்பும். அருகில் ஏதாவது கட்டடத்தின் மாடியில் இருக்கும் எங்கள் பெட்டி அதை வாங்கிக்கொள்ளும். அந்த எண் எங்கள் செயலி வழியாக மக்களின் கைப்பேசியில் தெரியும். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் மூட்டை கட்டு, சிவப்பு என்றால் கிளம்பு.

ஓர் எண்தானே என்று தோன்றும். ஆனால் வலையில் போகிற எந்தச் செய்தியும் மொட்டையாகப் போகாது. யார் அனுப்பியது, யாருக்கு, என்ன வகை, எத்தனையாவது என்று தலையில் ஒரு பெரிய முண்டாசு கட்டிக்கொண்டுதான் கிளம்பும். எங்கள் கருவியில் செய்தி நான்கு பைட். முண்டாசு நாற்பத்தெட்டு பைட். கருவியோ பேட்டரியில் ஓடுவது. சோலார் தகடு வைத்தால் ஒரே வாரத்தில் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அலையும் மெதுவானது, மழையில் சிதறக்கூடியது. இந்த முண்டாசைக் குறுக்குவதுதான் என் வேலை.

வழி எளிது. முதல் தடவை அந்த முண்டாசை, அதாவது முழுத் தலைப்பையும், அனுப்பிவிட வேண்டும். வாங்குகிற பக்கம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மாறுவதை மட்டும் அனுப்பினால் போதும். மாறுவது வரிசை எண் ஒன்றுதான். அதிலும் கடைசித் துண்டு மட்டும். மணி கேட்பவரிடம் "இருபது நிமிஷம்" என்று மட்டும் சொல்வதுபோல. அவருக்கு மணி எத்தனை என்று ஏற்கெனவே தெரியும். நாற்பத்தெட்டு பைட் மூன்றாகச் சுருங்கியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் உடனே புரிந்தது. கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஒரே கப்பல்ல வந்த பொட்டிக்கு எதுக்கு ஒவ்வொண்ணுலயும் முழு அட்ரெஸ்? நம்பர் போதும்லா," என்றார்.

இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. மணி கேட்டவர் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கிவிட்டால், "இருபது நிமிஷம்" என்பதை வைத்து எந்த மணியின் இருபது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் கருவியிலும் அப்படித்தான். தொடர்ந்து பதினாறு செய்திகளுக்கு மேல் தொலைந்தால் வாங்கும் பெட்டிக்குக் கணக்குத் தவறிவிடும். அதன் பிறகு வரும் செய்திகள் பழுதில்லாமல் வந்தாலும், தலைப்பு பொருந்தவில்லை என்று பெட்டி அவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். கைப்பேசியில் கடைசியாக வந்த எண்ணே நிற்கும். "புரியலை, முதலிலிருந்து சொல்" என்று கருவியிடம் கேட்கவும் வழி கிடையாது. பேட்டரியை மிச்சப்படுத்த எங்கள் கருவி பேச மட்டும் செய்யும், கேட்காது. அதனால் அவ்வப்போது, யாரும் கேட்காமலேயே, முழுத் தலைப்பையும் ஒரு தடவை அனுப்பியாக வேண்டும்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் அதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறதே என்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக மாற்றினேன். ஆய்வறையில் ஏர்கான் குளிரில் உட்கார்ந்து, பத்துச் செய்தியில் ஒன்றை அங்கங்கே எறிந்து சோதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. தொடர்ந்து நாற்பதை எறிந்து பார்க்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிய பேட்டரியை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும் என்றானதும் அலுவலகத்தில் எனக்குக் கேக் வெட்டினார்கள்.

அந்தக் கருவிகளில் ஒன்று கிள்ளானில், அப்பா இருக்கும் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் பெரிய வடிகாலில் இருந்தது. அது எம்பொண்ணு செஞ்சது என்று அப்பா தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார். எல்லார் கைப்பேசியிலும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். வானம் கறுத்தால் போதும், ஆளாளுக்கு அவர் வீட்டு கேட்டில் வந்து நின்று, "அண்ணே, மெஷின் என்னா சொல்லுது?" என்று கேட்பார்கள். அவர்கள் கையிலேயே அதே எண் இருக்கும். ஆனாலும் அப்பா வாயால் கேட்டால்தான் அவர்களுக்கு நம்பிக்கை.

ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது அப்பா சொன்னார், "மத்தியானம் ஆனா உன் மெஷின் அசையவே மாட்டேங்குதும்மா. சாயங்காலம் வரைக்கும் அதே நம்பர்."

"தண்ணியே அசையலப்பா. அது எப்படி அசையும்?" என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்ன பதில் அது. இன்றைக்கு வரைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது.

வெள்ளம் வந்த அன்று கோலாலம்பூரில் காலையிலிருந்தே மழை. கிள்ளான் பக்கம் கடல் ஏற்றமும் அன்றைக்குப் பெரிது. அலுவலகத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு நானே திரையைப் பார்த்தேன். அப்பா வீட்டு வடிகால், நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், பச்சை. "ஓகே பா?" என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வைத்திருந்த சுருக்கம் அது. அவ்வளவுதான் அன்றைக்கு நான் என் அப்பாவிடம் பேசியது.

அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அங்கிள் அப்பாவைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். அவர் மருந்து வாங்க டவுனுக்குப் போனவர், மழையில் மாட்டிக்கொண்டார். வீட்டில் ஆன்டி தனியாக. பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட பிறகு அவர் பெரும்பாலும் முன்னறைக் கட்டிலிலேயே இருந்தார். "வேன் பிடிச்சு அவளை மேட்டு மண்டபத்துக்கு அனுப்பிரட்டுமா?" என்று அங்கிள் கேட்டிருக்கிறார். அப்பா கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "நாப்பத்திரெண்டுதான். பச்சை. இன்னும் நேரம் இருக்குலா, நீ மெதுவா வா," என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று மணிக்குத் தண்ணீர் தெருவுக்கு வந்தது. நான்கு மணிக்கு வீட்டுக்குள் இடுப்பளவு. அப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் ஓர் அறைக்கதவைக் கழற்றி, அதில் ஆன்டியைப் படுக்க வைத்து, பிடித்துக்கொண்டே நின்றார்கள். படகு வர இருட்டாகிவிட்டது. அதுவரைக்கும் அந்தக் கறுப்புத் தண்ணீர் ஆன்டியின் மேல் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் கைப்பேசி சட்டைப்பையில் நனைந்து செத்துப்போகும் வரைக்கும் நாற்பத்திரண்டு என்றுதான் காட்டியதாம்.

ஆன்டிக்குக் காய்ச்சல் கண்டது. எலிக்காய்ச்சல், அழுக்குத் தண்ணீரில் வருவது என்றார்கள். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அலுவலகத்தில் எங்கள் மேலாளர் அறிக்கை எழுதினார். கடும் மழையால் அலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி. யாரும் கேள்வி கேட்கவில்லை. கிள்ளானே பாதி மூழ்கிய அன்று ஒரு கருவியைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. ஒரு காலையில் சீக்கிரம் அலுவலகம் போய், கிள்ளான் மாடியில் இருந்த பெட்டியின் பதிவுகளைத் திறந்தேன்.

தொடர்பு துண்டிக்கப்படவே இல்லை. மதியம் பன்னிரண்டே முக்காலிலிருந்து நாற்பது நிமிடம் மட்டும் வெறுமை. அதற்குப் பிறகு அந்த மழையிலும் செய்திகள் பெரும்பாலும் ஒழுங்காக வந்திருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் "நிராகரிக்கப்பட்டது" என்று இருந்தது. அவற்றைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தலைப்புதான் புரியாதது. உள்ளே எண் இருந்தது. நாற்பத்தேழு. ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்று. தொண்ணூற்றாறு. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நூற்று இருபத்துநான்கு, அதாவது சிவப்பு. கருவி பாவம், சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பெட்டியின் வாசல் வரைக்கும் வந்த ஒவ்வோர் எண்ணையும் என் அமைப்புதான் வெளியே தள்ளியிருக்கிறது. அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து, முந்தைய நாட்களின் பதிவுகளையும் பார்த்தேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் அதே நாற்பது நிமிட வெறுமை. எல்லா நாளும் அதன் பிறகு மாலை ஆறு மணி வரைக்கும் நிராகரிப்பு. அப்பா சொன்னது சரி. மத்தியானம் ஆனால் மெஷின் அசையவில்லை.

அன்றைக்கே நான் மேலாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டால்தான் அதைத் திருத்த முடியும். மழைதான் காரணம் என்று எழுதிவிட்ட பிறகு திருத்த ஒன்றும் இல்லை அல்லவா? நான் கோழை. கருவி அதே ஆறு மணி நேரத்திலேயே இரண்டு வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் ஒரு சனிக்கிழமை. தெருவில் அன்றைக்குப் போய்ச் சாப்பிடாமல் இருந்தால் பகை என்று அர்த்தம். அப்பாவை அழைத்துப் போகக் கிள்ளானுக்கு வந்தேன். வேட்டி சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுக் கைப்பேசி மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நீ போயிட்டு வாம்மா. நான் வரல," என்றார்.

"ஏம்ப்பா?"

"எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போறது? இரு இருன்னு சொன்னது நான்தானே. அவன் அனுப்பிரட்டுமான்னு கேட்டான். நான் வேணாம்னேன். நான்தான் கொன்னேன்."

எழுந்து சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். அறுபத்தெட்டு வயதில், ஒரு பூனையைக்கூட அடித்துப் பழகாத மனிதர், என் தப்பைத் தன் தலையில் சுமந்துகொண்டு என் முன்னால் நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

முதலிலிருந்து சொன்னேன். எதையும் சுருக்கவில்லை. பத்து நிமிடத்தை ஆறு மணி நேரமாக்கியது, கேக் வெட்டியது, ரசம் ஊற்றிக்கொண்டே சிரித்தது, பதிவில் இருந்த நூற்று இருபத்துநான்கு, அறிக்கையில் இருந்த ஒரு வரி, இரண்டு வாரமாக நான் வாயைத் திறக்காதது எல்லாம். முடிந்ததும் அப்பா கழற்றிய பித்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வா. இதை அவன்கிட்ட சொல்லு," என்றார்.

பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் மார்பு உயரத்துக்கு இருந்தது. முன்னறையில் கட்டில் இல்லை. ஆன்டியின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். பூசை முடிந்து பின்கட்டில் பந்தி ஆரம்பித்திருந்தது. அங்கிள் தலை மழித்துப் படத்தருகில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பிறந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்றே கூப்பிடுபவர். அவர் எதிரில் உட்கார்ந்து, அப்பாவிடம் சொன்னதை அப்படியே இரண்டாம் தடவை சொன்னேன். அங்கிளுக்குச் சில இடங்கள் புரியவில்லை. "என்னா?" என்று கேட்டார். அந்த இடங்களை மூன்றாம் தடவையும் சொன்னேன்.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்படி அனுப்பாம விட்டதுல என்னா மிச்சமாச்சு பாப்பா?"

"பேட்டரி, அங்கிள். வருஷத்துக்கு ஒண்ணு போடறதை ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணா..."

அவர் தலையசைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உனக்கு வந்ததைத்தான் நீ சொன்னே. உன் மேல என்னா இருக்கு? போய் எலையில உக்காரு," என்றார். அப்பா அழுதார். என் பக்கம் திரும்பியபோது அங்கிளின் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

"அது இன்னும் அப்படியேதான் ஓடுதா?"

"ஆமா, அங்கிள்."

"அப்ப உனக்கு எலை இல்ல. போய்ச் சரி பண்ணிட்டு வந்து சாப்புடு."

காரில் மடிக்கணினியும் கருவிக் கூட்டின் சாவியும் இருந்தன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வடிகால் கரைக்கு நடந்தேன். கருவி கேட்காது என்பதால், நேரில் போய்க் கம்பி மாட்டித்தான் அதனிடம் எதையும் சொல்ல முடியும். கருவியின் கூட்டைத் திறந்து நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கருவியின் குட்டை ஆன்டெனாவுக்கும், சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் பெட்டி இருக்கும் கட்டடத்துக்கும் நடுவில், நாற்பதடி கண்டெய்னர் லோரி ஒன்று சுவர்போல நின்றது. எதிரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. டிரைவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் என்பது ஒரு மனிதன் நிதானமாகச் சாப்பிட்டு, வாய் கழுவி, ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம். ஒவ்வொரு தடவையும் அந்த வழியாகத்தான் என் அப்பா வீட்டுக்குக் கார் ஓட்டி வந்திருக்கிறேன்.

லோரியை எடுக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே நிற்கட்டும், அதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆறு மணி நேரத்தை ஐந்து நிமிடமாக மாற்றினேன். பேட்டரி எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போடவில்லை. கரையில் உட்கார்ந்து, எது என் தப்பு என்று மேலாளருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன். அனுப்பி முடித்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. அவரும் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். கையில் புதுக் கைப்பேசி.

"அந்த மெஷினை இதுலயும் போட்டுக் குடும்மா." என்றார்.

செயலியைப் போட்டுக் கொடுத்தேன். முப்பத்தொன்று, பச்சை. லோரி வந்து நிற்பதற்கு முன் வந்த எண். இரண்டு பேரும் லோரியைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றோம். டிரைவர் வந்தார், எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தொன்று அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. பிறகு எண் மாறியது. முப்பத்துமூன்று. அடுத்த நிமிடமே முப்பத்துநான்கு. கடல் ஏற்றம் வந்துகொண்டிருந்தது.

"அசையுதும்மா," என்றார் அப்பா.

நாங்கள் திரும்பி வந்தபோது பந்தி எல்லாம் முடிந்து, பாய்களைச் சுருட்டியிருந்தார்கள். அங்கிள் மட்டும் அதே இடத்தில் இருந்தார். அவர் எதிரில் மூன்று இலைகள் ஒன்றும் பரிமாறாமல் விரித்திருந்தன. அவரும் அதுவரை சாப்பிடவில்லை.

"வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு, அங்கிள்."

"எவ்ளோ நேரத்துல?"

"மறைச்ச லோரி போய் மூணு நிமிஷம்."

அவர் திரும்பி, கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம்தானாம்," என்று அங்கே பார்த்துச் சொன்னார். பிறகு வாளியை எடுத்து முதலில் என் இலையில் சோறு வைத்தார்.